ஒரு பக்கம் வெட்டிய வண்டி

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என்னோடு வேலை பார்க்கும் பெயிண்டர் பாய், காரைக் கொண்டுவந்த இளைஞன், மதியத்துக்கு மேல் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய அவன் அக்கா, அவள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை, கடைசியாக பைக்கில் வந்த அவள் புருஷன். வேறு யாரும் இல்லை. பிற்பாடு இதைப் பார்த்ததாகச் சொன்னவர்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அன்றைக்கு என் கொட்டகையில் ஒரு கல்யாணக் கூட்டமே நின்றிருக்க வேண்டும். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணின் குடித்தனம் தகடு வெட்டுகிற என் கிரைண்டரால் அறுந்துவிடுமோ என்று நான் பயந்த நாள் அது. அந்தப் பயத்தைப் பார்க்க இந்த ஆறு பேருக்கு மேல் ஆள் இல்லை.

பட்டறை ஐயம்பேட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. எனக்கு டிங்கரிங் வேலை. அடிபட்ட வண்டியின் தகட்டைத் தட்டி நிமிர்த்துவது, துருப்பிடித்ததை வெட்டி எடுத்துப் பற்றவைப்பது. எட்டாவது பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இதற்கு வந்தேன். இத்தனை வருஷத்தில் தகடு பழகிவிட்டது, பயம் பழகவில்லை. சரிசெய்து அனுப்பிய வண்டி எந்த மேட்டில் ஏறுகிறதோ, வைத்த பற்று விடுமோ, கதவு ஓடும்போது திறந்துகொள்ளுமோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் சோறு இறங்காது. என் மனைவி கேட்பாள், வண்டிக்காரனே நிம்மதியாகத் தூங்குகிறான், உனக்கென்ன என்று. பதில் தெரிந்தால் நானும் தூங்கியிருப்பேன்.

அடிபட்ட வண்டி என்றால் ஒரு ஆறுதல் உண்டு. ஏற்கெனவே கெட்டதைத்தான் தொடுகிறோம். நல்ல வண்டியை வெட்டச் சொன்னால்தான் கை வராது. இப்போது இளைஞர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். வண்டியோடு வந்த சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய் வீலும் அகலமான டயரும் போட்டுக்கொள்கிறார்கள். சக்கரம் பெரிதானால் அதன் மேல் கவிந்திருக்கும் மட்கார்டு வளைவில் டயர் உரசும். அந்த வளைவின் உள்பக்கம் தகடு மடிந்து உதடு போலத் தொங்கும். கொஞ்சமாக உரசினால் உதட்டுக்குச் சூடு காட்டி உள்ளே மடக்கிவிட்டால் போதும். நிறைய உரசினால் வளைவையே வெட்டித் திறந்து, வெளிப்பக்கம் இழுத்து, நடுவில் புதுத் தகடு வைத்து மூட வேண்டும். மூடின பிறகு அது பழைய வண்டி இல்லை. திரும்பப் பழையபடி ஆக்கச் சொன்னால் யாராலும் ஆகாது.

அந்த இளைஞன் கார்த்திகை மாதத்தில் ஒரு காலை வந்தான். தூறிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கார். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரங்கள் வண்டிக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றன. பட்டறைக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதே டயர் தகட்டில் அறைந்து தேய்கிற சத்தம் கேட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் வேலை என்றான். கூட வேலை செய்கிறவனிடம் பழைய சக்கரங்களைக் கொடுத்து, மேலே கொஞ்சம் காசும் போட்டு, இவற்றை வாங்கியிருக்கிறான்.

நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். போலீஸ் நிறுத்தினால் கேட்பார்கள், நாளைக்கு இடித்துக்கொண்டால் இன்சூரன்ஸ்காரன் இதைக் காட்டிப் பணம் தர மாட்டான், வெட்டின இடத்தில் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். எல்லாம் தெரியும் என்று தலையாட்டினான். வண்டி யாருடையது என்றும் கேட்டேன்.

"எங்க வண்டிதாண்ணா. எங்கப்பா வாங்குனது."

அது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் பின்னால் வந்ததெல்லாம் சுலபமாக முடிந்திருக்கும்.

வலதுபக்கத்தில் ஆரம்பித்தேன். எப்போதும் அப்படித்தான். இந்த வண்டியில் பெட்ரோல் ஊற்றும் வாய் இடது பின்பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து டேங்குக்குப் போகும் குழாய் அந்த மட்கார்டுக்கு உள்ளேதான் இறங்கும். நெருப்புப்பொறி பறக்கிற வேலையை அந்தப் பக்கம் செய்வதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுவேன். மதியத்துக்குள் வலதுபக்கம் வெட்டி, இழுத்து, தகடு வைத்துப் பற்றவைத்து முடித்துவிட்டேன். பாய் பட்டி பார்த்து, பிரைமர் அடித்தார். சாம்பல் நிறத்தில் ஒரு பக்கம் மட்டும் தோள் உயர்த்தியது போல வண்டி நின்றது. பாய் தள்ளி நின்று பார்த்துவிட்டு, ஒத்தைக்கரைப் புடவை மாதிரி இருக்குது, இன்னொரு கரை போடறதுக்குள்ள நெசவுக்காரன் ஓடிட்டான் போல என்றார். இளைஞன் சிரித்தான். அவன் அப்பா நெசவு என்று அப்போதுதான் சொன்னான்.

அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஷேர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கிய பெண் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டு, வண்டியைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"டயருக்குக் காத்து அடிச்சிக்கினு வர்றன்னு சொல்லிட்டு வந்தியே, இதானா காத்து?" என்று தம்பியைக் கேட்டாள்.

பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்காரக் கொடுத்தேன். உட்கார்ந்து அவள் சொன்னதில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. வண்டி அவள் கல்யாணத்துக்கு அவள் அப்பா போட்ட சீர். ஆர்.சி. புத்தகம் அவள் புருஷன் பெயரில். அவர் பட்டுப்புடவைகளைக் கட்டுக்கட்டாக இந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வேலூர் வரைக்கும் கடைகளுக்குப் போடுகிறவர். வண்டிக்கு வாங்கின கடன் இன்னும் முடியவில்லை. மாசாமாசம் டியூ கட்டுவது அவள் அப்பாவும் தம்பியும். புருஷன் சபரிமலைக்கு மாலை போட்டு விரதம் இருப்பதால் அவள் சில நாளைக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கு ஆகுமே என்று அவரே வண்டியையும் கூட அனுப்பியிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் இருமுடி கட்டு. கட்டி முடித்ததும் ஐந்து சாமிகள் மலைக்குக் கிளம்ப வேண்டியது இந்த வண்டியில்.

பழைய சக்கரத்தையாவது போட்டு அனுப்பிவிடலாம் என்றேன். இளைஞன் போன் செய்தான். சக்கரங்களை வாங்கினவன் அவற்றைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டானாம். இருக்கிற சக்கரத்தோடு போகலாம் என்றால் இடதுபக்கம் இன்னும் வெட்டவில்லை. ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் இறங்கும். மலைப்பாதை முழுக்க அந்த உதடு டயரைச் சீவிக்கொண்டே வரும். நடு வளைவில் டயர் வெடிப்பதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டேன்.

அக்கா தம்பியைத் திட்டவில்லை. ஏன்டா என்று மட்டும் கேட்டாள். அவன் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், நிமிர்ந்து பேசினான்.

"எங்கம்மா கண்ணாஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோல போவுது. நான் கம்பெனி பஸ்ஸுல தொங்கிக்கினு போறன். டியூ மட்டும் என் அக்கவுண்டுல போவுது. ஒரு சக்கரம் என் இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதா?"

"நீ கட்றது வண்டிக்கு டியூ இல்லடா," என்றாள். "என் குடுத்தனத்துக்கு."

பாய் ஸ்பிரே துப்பாக்கியைக் கழுவப் போய்விட்டார். கழுவ வேண்டிய நேரம் இல்லை அது.

அவளுக்கும் அவள் புருஷனுக்கும் யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. சாலையோரப் பட்டறை. வண்டி நம்பரைத் தெரிந்தவன் எவனாவது அந்தப் பக்கம் போயிருப்பான். பைக்கில் வந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றி நிறையச் சந்தனம், வெறுங்கால். பட்டறைத் தரையில் வெட்டின தகட்டுத் துண்டுகள் கிடந்தன. அவர் காலில் குத்திவிடப் போகிறதே என்று நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். சாமி சரணம் என்றார். எல்லோரும் சாமி சரணம் என்றோம்.

மாலை போட்டவர்கள் கோபப்படக் கூடாது. கடுஞ்சொல் சொல்லக் கூடாது. ஆண்பிள்ளை யாராயிருந்தாலும் சாமி, பொம்பளை யாராயிருந்தாலும் அம்மா. அவர் விரதத்தை ஒழுங்காக இருக்கிறவர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். வலதுபக்க வளைவில் விரலை வைத்தார். ஈரம் சாமி என்றார் பாய். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"யாரு சாமி வெட்டச் சொன்னது?"

என்னைத்தான் கேட்டார். நான் இன்சூரன்ஸில் ஆரம்பித்து எங்கெங்கோ போனேன். நான்தான் மாமா என்று இளைஞன் முந்திக்கொண்டான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு சாமி என்று திருத்தினான்.

"நல்லா இருக்குது சாமி," என்றார் அவர்.

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஒருவன் கத்தினால் எதிரில் இருப்பவனும் கத்தலாம், நடுவில் புகுந்து விலக்கிவிடலாம். இவர் கோபமெல்லாம் மரியாதையாகவே வந்தது. அதை எங்கே பிடித்து நிறுத்துவது?

பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அம்மா, வண்டி உங்க வூட்லயே இருக்கட்டும். உங்க அப்பா போட்டது. உங்க தம்பி கட்றாரு. அவரு இஷ்டப்படி ஓட்டிக்கட்டும். நாங்க வேன் பேசிக்கறோம். மலைக்குப் போயிட்டு வந்தப்புறமும் எங்க வாசலுக்கு இது வேணாம்."

எங்கள் பக்கத்தில் சீராக வந்த பொருளைத் திருப்பி அனுப்புவது சாதாரணப் பேச்சு இல்லை. ஒரு குடம் திரும்பி வந்தாலே பெண்ணைப் பெற்றவர்கள் வாசலில் நின்று அழுவார்கள். முதலில் பொருள் வரும், பின்னாலேயே பெட்டியோடு பெண் வருவாள். தகட்டை வெட்டினது நான். அந்தக் குழந்தை எந்த வீட்டில் வளரப்போகிறது என்பது என் கையில் இருந்த கிரைண்டருக்கு வந்து சேர்ந்துவிட்டதாகத் தோன்றியது.

அவள் கொஞ்ச நேரம் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்தாள். எழுந்து என்னிடம்தான் பேசினாள்.

"அண்ணா, அந்தப் பக்கமும் வெட்டிடுங்க."

நான் புருஷனைப் பார்த்தேன். அவர் அவளைப் பார்த்தார்.

"நீங்க மலைக்குப் போயிட்டு வாங்க சாமி," என்றாள். "வேலை முடிஞ்சதும் நானே ஏறி உக்காந்து, இத எடுத்துக்கினு வந்து நம்ம வாசல்ல நிறுத்தறேன். வேணாம்னா அப்ப சொல்லுங்க. மாலைய கழட்டிட்டு, என் பேரச் சொல்லிக் கூப்ட்டு சொல்லுங்க."

அவர் சாமி சரணம் என்று கையைக் கூப்பிவிட்டு பைக்குக்குப் போனார். வெறுங்காலால் கிக்கரை உதைத்தார். அது உடனே கிளம்பவில்லை. திரும்பத் திரும்ப உதைத்தார். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றோம்.

வேலை என்று வந்தபின் செய்துதானே ஆக வேண்டும். அவளையும் குழந்தையையும் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னேன். வீட்டுக்கே போங்கம்மா என்றும் சொல்லிப் பார்த்தேன். போகவில்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றி, வாயை அடைத்து, சுற்றிலும் ஈரச்சாக்கு போட்டேன். இளைஞன் வாளியில் தண்ணீரோடு பக்கத்திலேயே உட்கார்ந்து சாக்கை நனைத்துக்கொண்டிருந்தான். பொறி பறக்கும்போதெல்லாம் என்னைவிட அவன்தான் முதலில் கண்ணை மூடினான். இது வேண்டாம்னு நேத்தே ஒருத்தராவது சொல்லியிருக்கலாம் இல்லணா என்றான். அவன் யாரிடமும் கேட்கவே இல்லையே என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அசதியாக இருந்தது.

மழைக்காலத்தில் பெயிண்ட் சீக்கிரம் காயாது. வண்டி பட்டறையிலேயே கிடந்தது. சாமிகள் வேனில் மலைக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் பாயையும் இளைஞனையும் பின்சீட்டில் உட்காரவைத்து, டிக்கியில் மணல் மூட்டைகளை அடுக்கி, வேகத்தடை மேல் போய் வந்தேன். இடதுபக்கம் லேசாகத் தொட்டது. திரும்பக் கழற்றித் தேய்த்தேன். இனி தொடாது என்று பாய் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி கொஞ்சம் தேய்த்தேன். போதும்பா, அப்புறம் மட்கார்டே இருக்காது என்று பாய் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் சொன்னபடியே வந்தாள். முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பி ஓட்டினான். ஐயம்பேட்டைப் பக்கம் திரும்பிப் போனது வண்டி. அதன் பிறகு அவள் புருஷன் மலையிலிருந்து வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. சாலையில் வெள்ளைக் கார் எது வந்தாலும், ஓட்டுகிறவனைப் பார்க்காமல் பின்சக்கரத்தைப் பார்த்தேன்.

அவர் ஒருநாள் வந்தார். பேண்ட், சட்டை, காலில் செருப்பு. மாலை இல்லை. அந்தக் காரில்தான் வந்தார். ஏறுய்யா என்றார். மாலை கழன்றதும் நானும் சாமியிலிருந்து இறங்கிவிட்டேன். பின்சீட்டிலும் டிக்கியிலும் புடவைக் கட்டுகள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. எங்கே என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. தாமல் ஏரிப் பக்கம், பள்ளமும் மேடுமாகக் கிடக்கிற ஒரு தெருவில் விட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு, பேசாமல் காதைக் கொடுத்துக்கொண்டே ஓட்டினார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இன்ஜின் சத்தம், காற்று, டிக்கியில் ஏதோ அட்டைப்பெட்டி நகர்வது. அவ்வளவுதான். ஒரு பெரிய பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கி ஏற்றினார்.

"உரசல," என்றார்.

திரும்பி வரும்போதுதான் பேச்சு வந்தது. அவளே வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள், சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள், இவர் மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றி வைக்கப் போனால் கையில் முதலில் தட்டுப்படுவது அந்தச் சாவி. ரெண்டு நாள் முறைத்துப் பார்த்தாராம். மூன்றாம் நாள் வேலூரில் கல்யாணப் புடவைக்கு அவசரம். என்ன பண்ணச் சொல்ற என்று என்னையே கேட்டார். மாமியாரைக் கண்ணாஸ்பத்திரிக்கு இனி தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டதாகவும், அதை அவள் கேட்கவில்லை, தானாகத்தான் சொன்னது என்றும், யாரோ வழக்கு போட்டதுபோல விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

பட்டறை வாசலில் என்னை இறக்கிவிட்டு, இன்ஜினை அணைக்காமலே கேட்டார்.

"மச்சான் உன் கூலிய சுத்தமா குடுத்துட்டான் இல்ல?"

அட்வான்ஸுக்கு மேல் அவன் கொடுக்கவில்லை. முந்தின வாரம் அவனிடம் கேட்டதற்கு, ஓட்டறது மாமாதானே, அவர்கிட்ட வாங்கிக்கோணா என்று சொல்லியிருந்தான். இவரிடம் இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று ஒரு நொடியில் எனக்கு முழுவதும் தெரிந்துவிட்டது. நேராக மாமியார் வீட்டுக்குப் போவார். என் வண்டியக் கேக்காம வெட்டினதும் இல்லாம கூலியும் என் தலையிலயா என்பார். டியூ கட்றது யாரு என்று இவன் ஆரம்பிப்பான். சாவி திரும்பப் போகும். அதற்குப் பின்னால் பெட்டி.

"அதெல்லாம் நாங்க பேசிக்கறோம்பா," என்றேன்.

சரி என்று கிளம்பிவிட்டார். பாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, கூலியக் கேட்டியா என்றார். கேட்கவில்லை என்றேன். உன்ன மாதிரி ரெண்டு பேர் இருந்தா ஊருல வக்கீலுங்க பட்டினி என்று திட்டிவிட்டுப் போனார். அவர் பங்கை மட்டும் நான் என் கையிலிருந்து கொடுத்துவிட்டேன்.

அந்த வண்டி இப்போதும் வாரத்தில் ஒரு முறையாவது இந்தச் சாலையில் போகிறது. சில நாள் முன்சீட்டில் அந்தப் பெண் இருப்பாள், பின்னால் அவள் அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும். சத்தம் வருவதில்லை. அந்த நேரத்தில் நான் ஏதாவது ஒரு வண்டிக்குக் கீழே படுத்துக்கொள்வேன். என்னைப் பார்த்தால் அவளுக்குக் கூலி ஞாபகம் வந்து புருஷனிடம் கேட்டுவிடுவாளோ, தம்பியிடம் கேட்டுவிடுவாளோ என்று பயம். எனக்கு வரவேண்டியது இன்னும் எட்டாயிரம் ரூபாய்.